நூல் எங்கே நூற்றது?

கேள்வி: மெக்சிகோவில் தைத்த டி-ஷர்ட் அமெரிக்காவுக்குள் வரியில்லாமல் போகிறதாமே. நூலைச் சீனாவில் வாங்கினாலும் அந்தச் சலுகை உண்டா?

பதில்: பொதுவாகக் கிடையாது. 1994-ல் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையே நடைமுறைக்கு வந்த தடையில்லா வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டாவிலும், 2020 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் இருக்கும் ஒப்பந்தத்திலும் அடிப்படை ஒன்றுதான். பஞ்சு எங்கிருந்தும் வரலாம். ஆனால் நூற்பது, பின்னுவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் இந்த மூன்று நாடுகளுக்குள்ளேயே நடக்க வேண்டும். வெளிநாட்டு நூல் எடையில் 10 சதவீதம் வரை இருந்தால் விட்டுவிடுவார்கள். நாஃப்டாவில் இது 7. தாண்டினால் பருத்தி டி-ஷர்ட்டுக்கு வழக்கமான 16.5 சதவீத வரி. வெளி நூலில் செய்த ஆடைக்கும் சலுகை தரும் ஆண்டு ஒதுக்கீடு என்ற சிறு வாசல் மட்டும் உண்டு. அதற்கும் அளவு வரம்பு இருக்கிறது.

பலர் கோட்டைவிடுவது தையல் நூலில்தான். உடல் துணி சரியாக இருந்தும், மூட்டுகளில் ஓடும் நூல் வெளியிலிருந்து வந்தால், புதிய ஒப்பந்தத்தில் சலுகை போய்விடும். ஆகவே நூற்பாலையின் உறுதிச்சான்று, வாங்கிய ரசீது, வெட்டுப் பதிவு எல்லாவற்றையும் 5 ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

இந்த விதியால் மெக்சிகோவுக்குத் தையல் வேலை கிடைத்தது. நூலும் துணியும் விற்கும் சந்தை பெரும்பாலும் அமெரிக்க ஆலைகளுக்குப் போனது. மலிவான ஆசிய நூல் வாசலிலேயே நிற்கிறது. வளரும் நாடு இப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் வரி விகிதத்தைவிட இந்த விதியைத்தான் முதலில் படிக்க வேண்டும்.