பறவைப் படம் எடுக்கப் பழகுவோர்க்கு: வாசகர் கேள்வி – பதில்

நிக்கான் டி5600 கேமராவும் 18–55 கிட் லென்ஸும் இருக்கின்றன. பறவைகளைப் படமெடுக்கப் புது கேமரா வாங்க வேண்டுமா?
– வாசகி, செங்கல்பட்டு

வேண்டாம். உங்களுக்குக் குறைவது லென்ஸ்தான். 55 மி.மீ.யில் முப்பது அடி தள்ளி நிற்கும் மைனா புள்ளியாகத்தான் விழும். ஆரம்பத்துக்கு ஒரு 70–300 லென்ஸ் போதும், பழையதானாலும் சரி. உங்கள் கேமராவில் படம் பதியும் சென்சார், பெரிய முழுச்சட்டக் கேமராக்களில் உள்ளதைவிடச் சிறியது. அதனால் 300 மி.மீ. லென்ஸ், அந்தக் கேமராக்களில் 450 மி.மீ. காட்டும் அளவுக்கு நெருக்கிக் காட்டும்.

டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. எனவே லென்ஸின் பெயரில் ஏ.எஃப்-எஸ் அல்லது ஏ.எஃப்-பி இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எஃப்-டி வகையை மாட்டினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். வி.ஆர். என்ற எழுத்தும் இருக்கட்டும். கை நடுக்கத்தைச் சமாளிப்பது அதுதான். பழைய லென்ஸாக இருந்தால் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் சிலந்திவலை போல இழை ஓடினால் அது பூஞ்சை. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். 150–600 வகை லென்ஸ்கள் கிட்டத்தட்ட இரண்டு கிலோ எடை. அதைப் பிறகு யோசிக்கலாம்.

கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைகூட மங்கலாகவே விழுகிறது. எங்கே தப்பு?
– வாசகர், மதுரை

படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தப்பு அதிலேயே தெரியும். கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. கிளை கூர்மையாக இருந்து பறவையின் தலை மட்டும் கலைந்திருந்தால் பறவை அசைந்திருக்கிறது. இந்த இரண்டுக்கும் மருந்து ஷட்டர் வேகத்தைக் கூட்டுவது, அதாவது ஒளி விழும் நேரத்தைக் குறைப்பது. பறவைக்கு முன்னால் நீட்டிய குச்சியோ பின்னால் இருக்கும் இலையோ கூர்மையாக இருந்தால் ஃபோகஸ் இடம் மாறிவிட்டது என்று பொருள். ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேமராவிடம் விடாமல் ஒற்றைப் புள்ளி வைத்துப் பறவையின் கண்ணில் பொருத்துங்கள். பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் ஃபோகஸ் (நிக்கானில் ஏ.எஃப்-சி, கேனானில் ஏ.ஐ. சர்வோ) எப்போதும் இயங்கட்டும்.

அமைப்பு இதுதான்: எம் மோடு (ஷட்டரையும் துவாரத்தையும் நாமே வைப்பது), லென்ஸின் ஆகப் பெரிய துவாரம், ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) ஆட்டோவில், உச்ச வரம்பு 3200. உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் 1/500 நொடி, துறுதுறுவென்ற தேன்சிட்டுக்கு 1/1000. நிதானமாகச் சிறகடிக்கும் நாரைக்கு 1/1250 போதும். பஞ்சுருட்டானுக்கு 1/3200 வேண்டும். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் வரும் என்று பயந்து ஷட்டரைக் குறைப்பவர்கள்தான் அதிகம். புள்ளிகளைக் கணினியில் குறைக்கலாம். கலைந்த கண்ணைச் சரிசெய்ய முடியாது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் படம் தொளதொளவென்று இருந்தால் கானலைச் சந்தேகியுங்கள். வெயில் ஏறியதும் சூடான காற்று நெளியத் தொடங்கும். தூரத்துப் பறவை அதன் ஊடாகத்தான் தெரிகிறது. எந்த விலை லென்ஸாலும் இதைத் தாண்ட முடியாது. ஏரிக்கரையில் விடியலிலிருந்து ஒன்பது மணி வரை எடுத்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

வெள்ளைக் கொக்கு எடுத்தால் இறகே தெரியாமல் வெளுத்துவிடுகிறது.
– வாசகர், தஞ்சாவூர்

படத்தின் பெரும்பகுதி கருநிற நீராக இருந்தால், கேமரா அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதில் கொக்கு வெந்துபோகிறது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் எக்ஸ்போஷர் திருத்தத்தை –0.7 அல்லது –1 வையுங்கள். பிரகாசமான வானத்தின் முன் இரட்டைவால் குருவி என்றால் நேர்மாறாக +1. சில பழைய கேனான் கேமராக்களில் எம் மோடில் ஆட்டோ ஐ.எஸ்.ஓ. வைத்தால் இந்தத் திருத்தம் வேலை செய்யாது. அப்போது டிவி (Tv) மோடுக்கு, அதாவது ஷட்டர் வேகத்தை மட்டும் நாம் வைக்கும் மோடுக்குப் போய்விடுங்கள்.

பழக எங்கே போகலாம்? கிட்டே போனாலே பறந்துவிடுகின்றனவே!
– வாசகி, திருநெல்வேலி

முதலில் உங்கள் ஊர்க் குளத்துக்கே போங்கள். மடையான் இரைக்காக நெடுநேரம் அசையாமல் நிற்கும். பழக அதைவிட நல்ல பறவை இல்லை. நேராக அதை நோக்கி நடக்காதீர்கள். குறுக்காக, குனிந்தபடி, நாலு எட்டு வைத்து நில்லுங்கள். கழுத்தை உயர்த்தினால் அதற்கு உங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அது தளரும் வரை அசையக் கூடாது. சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கரையில் உட்கார்ந்து பறவையின் கண் மட்டத்துக்கு லென்ஸை இறக்குங்கள்; நின்றபடி எடுத்த படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும். கார் இருந்தால் அதுவே நல்ல மறைவிடம். இன்ஜினை நிறுத்திவிட்டு, துணிப்பையில் ஒரு கிலோ அரிசி கட்டி ஜன்னலில் வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாவட்டத்திலேயே கூந்தன்குளம் இருக்கிறது. அங்கே சங்குவளை நாரைகள் ஊருக்குள் உள்ள மரங்களிலேயே கூடு கட்டுவதால் 300 மி.மீ. போதும். வேடந்தாங்கலில் ஏரிக்குள் இருக்கும் மரங்களைக் கரையிலிருந்து எடுக்க வேண்டும். அந்த லென்ஸில் கூட்டமாகத்தான் கிடைக்கும்.

வீட்டுத் தோட்டத்தில் தையல்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. இலையை விலக்கிக் குஞ்சுகளை எடுக்கலாமா?
– வாசகர், ஈரோடு

தயவுசெய்து கூடாது. அந்த இலைதான் குஞ்சுகளுக்கு நிழலும் மறைவும். விலக்கினால் வெயில் நேராக விழும், காகம் கண்டுபிடித்துவிடும். நீங்கள் அங்கேயே நின்றால் தாய் இரையோடு வந்து திரும்பிப் போய்விடும். காட்டுப் பறவைகளின் (வளர்ப்புப் பறவை அல்லாதவற்றின்) கூட்டையோ முட்டையையோ கலைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. தள்ளி நின்று, இரையோடு வந்து போகும் தாயை எடுங்கள். அந்தப் படத்தையும் குஞ்சுகள் பறந்துபோன பிறகு, இடத்தைக் குறிப்பிடாமல் வெளியிடுங்கள்.