நோவோ பிர்டோவின் சிறிய வாசல்

வணக்கம் ஐயா,

பால்கன் சுரங்க ஊர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1455-இல் நோவோ பிர்டோ ஒட்டோமான்களிடம் விழுந்ததை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு மூன்று சந்தேகங்கள். கான்ஸ்டான்டிநோபிளையே 53 நாளில் பிடித்த சுல்தான் இரண்டாம் மெஹ்மத்துக்கு, மலைமேல் இருந்த ஒரு சுரங்க ஊரைப் பிடிக்க 40 நாள் ஏன் ஆனது? மதிலுக்கு அடியில் குடைந்து வெடிவைத்திருக்கக் கூடாதா? பணிந்துவிட்ட ஊரில் பெரிய மனிதர்களைக் கொன்றுவிட்டு மற்றவர்களை ஏன் விட்டார்?

— ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு வரியில் முடித்தது தவறுதான். சுல்தானுக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கம் வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

நோவோ பிர்டோ என்றால் புதுக்குன்று. இன்றைய கொசோவோவில், ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சியில் ஆறு கோபுரங்களோடு உள்கோட்டை, அதை ஒட்டிக் கீழே மதில் சூழ்ந்த ஊர், சுற்றிலும் சரிவெங்கும் குடியிருப்புகளும் சுரங்கக் குழிகளும். செர்பியர்களோடு சாக்சன் (ஜெர்மானிய) வம்சாவளிச் சுரங்கக்காரர்களும் துப்ரோவ்னிக் என்ற துறைமுக நகரத்து வணிகர்களும் வாழ்ந்தார்கள். இந்த ஓர் ஊரிலிருந்து செர்பிய மன்னருக்கு ஆண்டுக்கு 2,00,000 டுகாட் தங்கக்காசுக்கு மேல் வருகிறது என்று, 1433-இல் செர்பியா வழியாகப் போன பர்கண்டிப் பயணி பெர்த்ராந்தோன் எழுதினார்.

அந்தப் பணம் எப்படி வந்தது என்று பார்த்தால்தான் முற்றுகையின் வலி புரியும். அங்கே கிடைத்தது வெள்ளி கலந்த காரீயத் தாது. தாதுவை வறுத்து, கரி போட்டு உருக்கினால் வெள்ளியைத் தனக்குள் வைத்திருக்கும் காரீயம் கிடைக்கும். அதைச் சாம்பல் கெட்டித்த படுக்கையில் ஊற்றி, 900 டிகிரிக்கு மேல் சூடேற்றி, மேலே துருத்தியால் காற்றடிக்க வேண்டும். காரீயம் காற்றோடு சேர்ந்து மிருதாரசிங்கி என்ற காரீய ஆக்சைடாக மாறும் (நம் சித்த வைத்தியர்களின் அதே மிருதாரசிங்கிதான்). அதில் ஒரு பகுதியை ஓரமாக வழித்து ஓடவிடுவார்கள், மீதியைச் சாம்பல் குடித்துவிடும். வெள்ளி அடியில் தங்கும். துருத்தி தளர்ந்தால் சூடு இறங்கி மிருதாரசிங்கி மேலே ஆடைபோல உறையும், வேலை நின்றுபோகும். நோவோ பிர்டோ வெள்ளியில் தங்கமும் கலந்திருந்தது. கிளாமா என்று பெயரிட்டு வணிகர்கள் அதற்குத் தனி விலை கொடுத்தார்கள்.

இதற்கு வேண்டிய கரி, குழிக்கு முட்டுக்கொடுக்கும் மரம், மலைமேல் இருப்பவர்களுக்கான தானியம் எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். பாதையை மறித்தாலே உலை அணையும். இறைக்க ஆளில்லாத குழியில் ஊற்றுநீர் ஏறும், மூழ்கிய கீழ்த்தளத்தை மீட்பது பெரும்பாடு. ஆகவே முற்றுகை நீளும் ஒவ்வொரு நாளும் உள்ளே இருப்பவர்களைப் போலவே, அந்தச் சுரங்கத்துக்கு ஆசைப்பட்ட சுல்தானுக்கும் நட்டம்தான்.

40 நாள் அதிகமில்லை. 1427-இல் மெஹ்மத்தின் தந்தை இரண்டாம் முராத் முற்றுகையிட்டுத் தோற்றார். அடுத்த முறை 1439-இல் தொடங்கி 1441-இல்தான் பிடிக்க முடிந்தது. 1444 சமாதானத்தில் ஊர் மறுபடி செர்பியரிடம் போனது. 1455-இல் காலம் சுருங்கியதற்குக் காரணம் பெரிய பீரங்கிகள். அப்போதும் அவசரப்பட முடியாது. கான்ஸ்டான்டிநோபிள் முன் நின்ற மிகப் பெரிய பீரங்கியே நாளுக்கு 7 முறைதான் சுட்டது, குழல் ஆறாமல் அடுத்த வெடிமருந்தைத் திணித்தால் வெடித்துவிடும். அத்தகைய எடையை மலைப்பாதையில் மாடு பூட்டி இழுத்துப் பாருங்கள். சரிவில் மதில் உடைந்தாலும், உடைந்த கல் கீழே உருண்டு ஏறிவருபவன் காலடியில்தான் விழும்.

வெடிவைப்பது பற்றி ஒரு திருத்தம். மதிலடியில் வெடிமருந்து வைக்கும் முறை பரவியது 1500-க்குப் பிறகு. மெஹ்மத் காலத்து முறை வேறு: அடித்தளத்துக்குக் கீழே குடைந்து, மரமுட்டு கொடுத்து, கடைசியில் முட்டுகளைக் கொளுத்துவது. எரிந்ததும் மேலே இருப்பது சரியும். 1453-இல் இதே நோவோ பிர்டோவின் சுரங்கக்காரர்களைக் கொண்டுபோய்த்தான் கான்ஸ்டான்டிநோபிள் மதிலுக்கு அடியில் குடையவைத்தார்கள். மே 16 அன்று முதல் சுரங்கத்தை உள்ளே இருந்தவர்கள் கண்டுபிடித்து, எதிர்ச்சுரங்கம் வெட்டி அழித்தார்கள். அங்கே வெட்டியது மண். புதுக்குன்றிலோ பாறை: தீ மூட்டிச் சுட்டு, விரிசல் விட்டபின் உளியால் கொத்தி, அங்குலம் அங்குலமாகப் போகவேண்டும். அதோடு, பால்கனில் தேர்ந்த சுரங்கக்காரர்கள் மதிலுக்குள்ளேயே இருந்தார்கள். குடைவது வீண் என்பதே என் கணிப்பு.

மூன்றாவது கேள்விக்கு சாட்சி உண்டு. கான்ஸ்டன்டின் மிஹைலோவிச் என்ற செர்பியர் அன்று அங்கே பிடிபட்டு, ஒட்டோமான் படையில் இருந்து, பின்னாளில் எல்லாவற்றையும் எழுதிவைத்தார். உடைமைகளைத் தொடுவதில்லை, பெண்களையும் சிறுவர்களையும் அடிமையாக்குவதில்லை: இந்த வாக்கின் பேரில் 1455 ஜூன் 1 அன்று ஊர் பணிந்தது. உடனே எல்லா வாசல்களையும் அடைத்து ஒரு சிறிய வாசலை மட்டும் திறந்துவைக்கச் சொன்னார் சுல்தான். பொருள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, குடும்பம் குடும்பமாக அந்த வாசல் வழியே வரவேண்டும். சுல்தான் வாசலருகே நின்று தானே பிரித்தார்: சிறுவர்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் அகழியோரம். ஆண்களில் முக்கியமானவர்களின் தலையை வெட்டவைத்தார். மற்றவர்களை ஊருக்குள் திருப்பி அனுப்பினார்.

அனுப்பியது இரக்கமில்லை, கணக்கு. எதிர்ப்பைத் திரட்டக்கூடியவர்கள் போய்விட்டார்கள், குழியில் இறங்கத் தெரிந்தவர்கள் மிஞ்சினார்கள். செர்பிய மன்னர் ஸ்டெஃபான் லாசரெவிச் 24 அனுபவசாலிகளைக் கூட்டி 1412-இல் வகுத்த சுரங்கச் சட்டம் இருந்தது. ஒட்டோமான்கள் அந்த வழக்கங்களைத் தங்கள் மொழிக்கு மாற்றி, சாக்சன் பெயராலேயே கானூனாக, அதாவது சுல்தானின் சட்டமாக, வைத்துக்கொண்டார்கள். 1470-களில் அங்கே சுல்தான் பெயரில் ஆக்சே வெள்ளிக்காசு அடித்தார்கள்.

பிரித்தெடுத்த சிறுவர்கள் 320 பேர். சுல்தானின் காலாட்படையான ஜானிசாரிப் படைக்காக அவர்களை ஓட்டிச் சென்றார்கள். சமோகொவோ என்ற ஊரில் ஓர் இரவு, கான்ஸ்டன்டினும் 19 பேரும் தப்பி ஓடினார்கள். சுற்றுவட்டாரமே துரத்திப் பிடித்தது. கட்டி, அடித்து, குதிரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள்.