பைரனோமீட்டர் (வெயிலின் அளவைக் காட்டும் சென்சார்) ரீடிங் குறைவாக வருகிறது, சென்சாரை மாற்றிவிடலாமா?

மதிய வெயிலிலும் சதுர மீட்டருக்கு 600 வாட்டைத் தாண்டவில்லை, கண்ணாடியைத் துடைத்தும் பலனில்லை, பி.ஆர். (அடித்த வெயிலுக்குக் கிடைக்க வேண்டிய மின்சாரத்தில் உண்மையில் கிடைத்த பங்கு) மட்டும் 100 சதவீதத்துக்கு மேல் போகிறது என்கிறீர்கள். தூத்துக்குடிப் பக்கம் ஒரு சோலார் பிளான்ட்டில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். எங்களுக்கும் இதே பிரச்சினை வந்தது. சென்சாரை இப்போதே கழற்றாதீர்கள். மேகமில்லாத ஒரு நாளின் கிராஃபை முதலில் எடுத்துப் பாருங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் பள்ளம் விழுந்தால் இடிதாங்கிக் கம்பத்தின் நிழலாக இருக்கலாம். கிராஃபின் உச்சி காலைப் பக்கம் தள்ளியிருந்தால் சென்சார் கிழக்கே சாய்ந்திருக்கலாம். கோடு ஒழுங்காக ஏறி இறங்கி, நாள் முழுக்க ஒரே விகிதத்தில் குறைந்தால் டேட்டா லாகரில் (ரீடிங்கைப் பதிவு செய்யும் பெட்டி) கொடுத்த சென்சிட்டிவிட்டி எண்ணைச் சந்தேகப்படுங்கள். சதுர மீட்டருக்கு ஒரு வாட் வெயிலுக்குச் சென்சார் எத்தனை மைக்ரோவோல்ட் தருகிறது என்பதே அந்த எண்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. வெயில் நிலையாக இருக்கும்போது லாகரிலிருந்து சென்சாரின் இரண்டு ஒயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தோம்: 7.8 மில்லிவோல்ட். சென்சாரின் லேபிளில் சென்சிட்டிவிட்டி 9.2 மைக்ரோவோல்ட் என்று இருந்தது. வகுத்தால் ஏறக்குறைய 848 வாட். லாகர் காட்டியதோ 600. லாகரின் செட்டிங்கில் போய்ப் பார்த்தால் 13 என்று கிடந்தது, முன்பு இருந்த சென்சாரின் எண். புது சென்சாரைப் பொருத்தியவர்கள் அதை மாற்றாமலே போயிருக்கிறார்கள். ஒவ்வொரு சென்சாருக்கும் இந்த எண் தனி. மாடல் ஒன்றாக இருந்தாலும் வேறுபடும். உங்களுடையது மோட்பஸ் வகை (ரீடிங்கை டிஜிட்டலாக அனுப்புவது) என்றால் மில்லிவோல்ட் பார்க்க முடியாது, லாகரில் அந்த ரீடிங்கைப் பெருக்கும் எண்ணான ஸ்கேல் ஃபேக்டரைச் சரிபாருங்கள்.

அப்புறம் ராத்திரி ரீடிங். தெளிந்த வானத்தில் கண்ணாடிக் குமிழ் வெப்பத்தை இழப்பதால் தெர்மோபைல் (வெப்ப வேறுபாட்டை மின்னழுத்தமாக்கும்) சென்சார் மைனஸில் சில வாட் காட்டும்; அது இயல்பு. இருட்டில் 30, 40 என்று வந்தால் ஈரம் புகுந்திருக்கிறதா, ஒயர் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் மைனஸ் அசிங்கமாகத் தெரிகிறது என்று ஸ்கேடாவில் (பிளான்ட்டைக் கண்காணிக்கும் கணினி அமைப்பு) பூஜ்யமாக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சென்சாரின் உடல்நிலையைச் செலவில்லாமல் சொல்லும் எண் அது.

எண்தான் தவறு என்றால் பழைய டேட்டாவும் வீணாகாது. எங்கள் கணக்கில் 13-ஐ 9.2-ஆல் வகுத்து, வரும் 1.41-ஆல் பழைய ரீடிங்கைப் பெருக்கினால் போதும். சென்சார் மாற்றிய தேதியிலிருந்து திருத்தி, பி.ஆர். அறிக்கையை மறுபடி அனுப்புங்கள்.