மடக்குக் கத்தியும் ஃபிட்டரின் அரமும்

அன்புள்ள ஐயா,

எனக்கு மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு, டிராக்டரும் அறுவடை மெஷினும் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அலை அலையாக வரி ஓடும் எஃகில் செய்த மடக்குக் கத்திகளை ஒரு வருடமாக வீடியோக்களில் பார்த்து வருகிறேன். எப்படியாவது கற்றுக்கொள்ள வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. வீடியோவில் எல்லோரும் பவர் ஹேமரோ ஹைட்ராலிக் பிரஸ்ஸோ வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கியாவது ஒன்று போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். எங்கள் ஊர்க் கொல்லரிடம் கேட்டதற்கு, "உலையிலேயே ஒட்டுறதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு, இப்பதான் வெல்டிங் இருக்கே தம்பி" என்றார். நம் முன்னோர் உலகத்துக்கே கொடுத்த உருக்குதானே இது? நம் மண்ணில் மறுபடி செய்ய முடியாதா? கத்தி செய்யக் கிளம்பினால் போலீஸ் வரும் என்கிறார் அப்பா. எங்கிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கடன் வாங்காதீர்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம்.

வீடியோவில் நெருப்புதான் எடுப்பாகத் தெரியும். பொறி பறக்கும், வெளுக்கக் காய்ந்த இரும்பு பிரஸ்ஸுக்குள் நசுங்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும். அதற்குப் பிறகு அந்த மனிதர் வைஸ் முன்னால் நாள்கணக்கில் அரத்தோடு நிற்பதை யாரும் முழுதாகக் காட்டுவதில்லை. மடக்குக் கத்தி உருவாவது அங்கேதான். அரிவாள் என்றால் பெரும்பகுதி வேலை உலையடியிலேயே முடிந்துவிடும். மடக்குக் கத்தியில் உலைக்குச் சிறு பங்குதான், மிச்சமெல்லாம் பொருத்து வேலை. நீங்கள் படித்ததே அதைத்தான்.

ஐடிஐயில் முதல் மாதங்களில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, எல்லாப் பக்கமும் மட்டமாக, மூலைக்கு மூலை சரியாக ராவச் சொல்லியிருப்பார்கள். அப்புறம் ஆண் துண்டு, பெண் துண்டு என்று இரண்டு செய்து, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இடுக்கில் ஒளி கசிகிறதா என்று பார்த்திருப்பீர்கள். டிராக்டர் பட்டறைக்கு வந்த பிறகு அதெல்லாம் எதற்கு என்று தோன்றியிருக்கும். கத்தி செய்யப் பழகும் பலருக்கு இல்லாத முதலீடு அது.

நம் பெரியவர்கள் சட்டைப் பையில் வைத்திருந்த பேனாக்கத்தி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கழற்றிப் பாருங்கள். பூட்டு எதுவும் இருக்காது. ஒரு கத்தி, அதன் அடியை அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு முதுகு ஸ்பிரிங், இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு, ஊடே மூன்று ஆணி. அவ்வளவுதான். ஒரு ஆணியில் கத்தி சுழலும், மற்ற இரண்டும் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும். கத்தி திறந்திருந்தாலும் மடங்கியிருந்தாலும் ஸ்பிரிங்கின் முதுகு தகடுகளோடு ஒரே மட்டமாக நிற்க வேண்டும். பாதியில் ஒருமுறை நிற்கும் வகை என்றால் அந்த நிலையிலும் அப்படியே. இதைத் தீர்மானிப்பவை கத்தியின் அடியில் இருக்கும் மூன்று சிறு முகங்கள். மூன்றும் ஆணித்துளையின் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு முகத்தில் அரம் ஒரு இழுப்பு கூடுதலாகப் போனால், அந்த நிலையில் ஸ்பிரிங் உள்ளே இறங்கிவிடும். விரலை வைத்தாலே படி தட்டும். எடுத்த இரும்பைத் திரும்ப வைக்க வழியில்லை.

திறந்த நிலையில் கத்தியின் அடி ஸ்பிரிங் முனையில் இடைவெளி இல்லாமல் முட்ட வேண்டும். அங்கே பிரஷ்யன் புளூ என்ற நீலப் பசையைத் தடவிப் பாருங்கள், எங்கே தொடுகிறது, எங்கே தொடவில்லை என்று காட்டிக்கொடுத்துவிடும். மட்டத்தை டயல் கேஜில் பாருங்கள், கண்ணை நம்ப வேண்டாம். ஆணித்துளைக்கு டிரில் மட்டும் போதாது, துளையைச் சீராக்கும் ரீமர் ஓட்ட வேண்டும். துளையில் ஆணி துளி ஆடினாலும் அந்த ஆட்டம் கத்தியின் முனையில் பல மடங்காகத் தெரியும். எல்லாம் சரியாக அமைந்த கத்தியை மூடும்போது ஒரு "டக்" சத்தம் வரும். சத்தத்தை வைத்தே வேலைக்காரரைக் கண்டுபிடித்துவிடலாம். எனக்கு அந்தச் சத்தம் எந்த வரியையும்விட அழகு.

முதல் கத்திக்கு ஸ்பிரிங்கே வேண்டாம். பிளேடு மாற்றும் கத்தி வருவதற்கு முன் முடிதிருத்தகங்களில் இருந்த சவரக்கத்தி மாதிரி, ஆணியின் இறுக்கத்திலேயே நிற்கும் கத்தியாகச் செய்யுங்கள். ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவ வைத்திருந்த ஹிகோனோகாமி இந்த வகைதான். அடியில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டைவிரல் அதை அழுத்திப் பிடித்திருக்கும்வரை கத்தி மடங்காது. இரண்டாவதாக ஸ்பிரிங் கத்தி. இரண்டையும் ஒரே வகை எஃகில், வரி எதுவும் இல்லாமல் செய்யுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் செய்து பழகலாம், அதில் கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கூர் நிற்க வேண்டுமானால் 1084 போல 0.84 சதவீதம் கார்பன் உள்ள எஃகு வேண்டும்.

தோய்ச்சலில்தான், அதாவது எஃகைக் காய்ச்சி முக்கிக் கடினமாக்குவதில்தான், பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுகிறார்கள். சுமார் 770 டிகிரியில் எஃகில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குக் கொஞ்சம் மேலே, 800 முதல் 815 டிகிரிக்குள், சூடு உள்ளே வரை பரவவிட்டு எண்ணெயில் முக்க வேண்டும். எண்ணெயும் 50 டிகிரி போல வெதுவெதுப்பாக இருக்கட்டும். நிறத்தை நிழலில் பார்த்தால்தான் தெரியும், வெயிலில் எல்லாச் சிவப்பும் ஒன்றுதான். கொல்லுப்பட்டறை இருட்டாக இருப்பது அதனால்தான். முக்கி எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி ஒருமுறை அப்படியே செய்தால் இளகும். மேலே வைக்கோல் நிறம் படரும். ஸ்பிரிங்கையும் அதே எஃகில் செய்யலாம், ஆனால் அதை 400 டிகிரி பக்கம் வரை இளக்க வேண்டும். கத்தியைப் போல 200-இல் நிறுத்தினால் ஒடிந்துவிடும். நம் பக்கக் கொல்லர்கள் அரிவாளின் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுப்பார்கள். அரிவாளுக்கு அது அருமையான முறை. நீங்கள் கேட்கும் வரி ஓடும் எஃகு பல அடுக்குகளை உலையில் ஒட்டிச் செய்வது, அதைத் தண்ணீரில் முக்கினால் ஒட்டு விட்டுப்போகும் ஆபத்து அதிகம்.

சரி, வரிக்கு வருவோம். இரும்பையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஒட்டும் சூட்டில் கார்பன் ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் பரவிவிடும். சில காய்ச்சலிலேயே ஏறக்குறையச் சமமாகிவிடும். நல்ல எஃகின் கார்பனைப் பச்சிரும்பு குடித்துக்கொண்டு, கடைசியில் கத்தி இரண்டுங்கெட்டானாக நிற்கும். நிக்கல் அப்படிப் பரவுவதில்லை. அதனால்தான் 1084-ஓடு 15என்20 என்ற எஃகைச் சேர்க்கிறார்கள். அதில் கார்பன் 0.75 சதவீதம், நிக்கல் 2 சதவீதம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் தோயும். ஃபெரிக் குளோரைடு கரைசலில் வைத்தால் 1084 கறுக்கும், நிக்கல் எஃகு வெள்ளையாக நிற்கும். மரம் அறுக்கும் மில்களில் கழித்துப் போடும் பேண்ட்சா பிளேடுகளில் சில நிக்கல் கலந்தவை, எல்லாம் அல்ல. ஒரு துண்டை அந்தக் கரைசலில் போட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

ஒட்டப்போகும் முகங்களை மினுங்க ராவி, அடுக்கி, ஓரத்தில் வெல்டிங் பொட்டு வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். சிவந்ததும் வெண்காரம் தூவினால் அது உருகிப் படர்ந்து காற்றைத் தடுக்கும், சூட்டில் இரும்பின் மேல் படியும் செதிலையும் கரைக்கும். பிறகு 1200 டிகிரியை ஒட்டிய வெளிறிய மஞ்சள் வரும்வரை பொறுக்க வேண்டும். மேலடுக்கு மட்டும் காய்ந்து நடு காயாமல் இருந்தால் ஒட்டு பொய்யாகிவிடும். முதல் அடி மெதுவாக, துண்டு முழுக்கப் படும்படி விழட்டும். ஒட்டுவதற்குப் பெரிய பலம் வேண்டாம், நீட்டுவதற்குத்தான் வேண்டும். மடக்குக் கத்திக்கு வேண்டிய எஃகோ உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கொல்லர் குறடு பிடித்து இடம் காட்ட, நீங்கள் சம்மட்டி அடித்தால் போதும், பிரஸ் தேவையில்லை. போட்டதில் கணிசமான பங்கு செதிலாகவும் அரத்தூளாகவும் போய்விடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்து எடை போடுங்கள்.

9 அடுக்கில் தொடங்கி, நீட்டி, மூன்றாக வெட்டி அடுக்கினால் 27. மறுபடி 81, மறுபடி 243. மூன்று மில்லிமீட்டர் கனத்தில் 243 அடுக்கு என்றால் ஒவ்வொன்றும் 0.012 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெல்லியது. அதற்கும் வெகு மேலே போனால் வரிகள் கலந்து வெறும் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். முதல் துண்டுக்கு 81 தாராளம். குறுக்கே பள்ளம் ராவி மறுபடி அடித்துத் தட்டையாக்கினால் ஏணி வரி. டிரில்லில் குழி போட்டுத் தட்டையாக்கினால் மழைத்துளி. அடுக்குக் கட்டையை முறுக்கி அடித்தால் சுழல் சுழலாக வரும். ஒட்டில் மயிரிழை விரிசல் ஒன்று தங்கிவிட்டால் கனமான அரிவாள் அதைத் தாங்கிக்கொண்டு ஓடிவிடும். மடக்குக் கத்தியில் ஆணித்துளை அதன் வழியே விழுந்தால் ரீமர் ஓட்டும்போதே பிளக்கும். வரியைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வது இதனால்தான்.

முன்னோர் உருக்கு பற்றிக் கேட்டீர்கள். அந்தப் பெருமைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. காவிரியில் கலக்கும் நொய்யல் கரையில், கொடுமணலில், நம் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அகழ்ந்தபோது இரும்பு, உருக்கு செய்த உலைகளும், உருக்கப் பயன்படுத்திய மண் குடுவையான மூசையின் எச்சங்களும் கிடைத்தன. மூசைக்குள் இரும்பை உருக்கி எடுத்த அந்தக் கட்டியில் கார்பன் 1.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மைக்கேல் ஃபாரடே மின்சார ஆய்வுகளில் பேரெடுப்பதற்கு முன்னால், 1819 தொடங்கி, ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து அதைப்போல் செய்துவிடப் பாடுபட்டார். 1990களில் வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பென்ட்ரே என்ற கொல்லரும் அந்த உருக்கில் ஓடும் வரிக்குக் காரணம் வனேடியம் போன்ற கலப்புகளின் நுண்ணிய தடயங்கள் என்று காட்டினார்கள். ஆனால் நீங்கள் வீடியோவில் பார்ப்பது அந்த உருக்கு அல்ல. மூசை உருக்கில் வரி, கட்டி உறையும்போது உள்ளிருந்தே தொடங்குவது, மிதமான சூட்டில் பொறுமையாகத் தட்டித்தான் அதை வெளியே கொண்டுவர முடியும். அடுக்கு ஒட்டும் வெளுத்த சூட்டில் அதை அடித்தால் உதிர்ந்துபோகும். ஒன்றை உண்டாக்கும் சூடு மற்றதைக் கெடுக்கும் என்பதால், ஒன்றைப் பழகினால் மற்றது தானாக வந்துவிடாது. அடுக்கி ஒட்டும் முறையில் ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே வாள்கள் செய்தார்கள். இன்றைய கத்திக்காரர்களிடம் அது மறுபடி பரவியது 1973-இல் அமெரிக்காவில் பில் மோரன் என்ற கத்தி செய்பவர் தன் கத்திகளைக் கண்காட்சியில் வைத்த பிறகு. அடுத்தவர் கண்டதையும் கற்றுக்கொள்வோம், அதில் குறை எதுவும் இல்லை.

நம் டெல்டாவுக்கு இந்த வேலையில் உண்மையான சொந்தம் வேறு இடத்தில் இருக்கிறது, அதை உங்கள் கொல்லரே சொல்லிவிட்டார். நெல் மூட்டை ஏற்றிய கட்டை வண்டிகளுக்கு இரும்புப் பட்டா போட, பட்டையை வளைத்து இரு முனையையும் உலையில் காய்ச்சி, அடித்தே ஒட்டினார்கள். பிறகு வறட்டி அடுக்கி வளையத்தைச் சூடாக்கி, விரிந்ததும் சக்கரத்தில் மாட்டி, தண்ணீர் ஊற்றி இறுக்குவார்கள். டயர் வண்டியும் டிராக்டரும் வந்ததும் அந்த வேலை நின்றது. உங்கள் கொல்லரின் அப்பா ஒட்டியபோது துருத்தி ஊதியது மகனான இவராகத்தான் இருக்கும். ஒட்டும் சூட்டின் நிறம் அவர் கண்ணில் இன்னும் இருக்கலாம். வண்டிப் பட்டா ஒட்டுவது எப்படி என்று கேளுங்கள், கத்தியைப் பற்றி அப்புறம் பேசலாம். கலையைக் காப்பாற்ற வந்தவர் மாதிரி போய் நிற்காதீர்கள். அவர் நேரத்துக்கும் கரிக்கும் கூலி கொடுங்கள், வெண்காரம் நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். சம்மட்டி அடிக்க ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்களுக்கு ஒரு ஃபிட்டர் பையன் வந்து நிற்பதே பெரிய உதவி.

சில எச்சரிக்கைகள். கால்வனைஸ் செய்த எதையும் உலையில் வைக்காதீர்கள், துத்தநாகப் புகை ஆளை விழ வைக்கும். ராவும்போதும் சாணை பிடிக்கும்போதும் முகமூடி, கண்ணாடி. தீர்ந்த ஃபெரிக் குளோரைடை வாய்க்காலில் ஊற்றவே ஊற்றாதீர்கள். கைப்பிடிக்கு மான் கொம்பு வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். வாய்க்கால் கரைப் பூவரசின் வைரக்கட்டை இருக்க வேறு எதற்கு? பித்தளைத் தகடு கும்பகோணத்தில் கிடைக்கும். வாழை இலை அறுத்தால் கத்தி கறுக்கும், பயப்பட வேண்டாம். ஈரமாக மடக்கி வைத்தால்தான் துரு ஏறும். ஆணியில் நல்லெண்ணெய் விடாதீர்கள், நாளடைவில் பிசுக்காகி இறுகும். தையல் மெஷின் எண்ணெய் போதும்.

அப்பாவின் கவலை நியாயமானது. ஆயுதச் சட்ட விதிகளில் வருவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்படாத கத்திகள். மூன்று அங்குல மடக்குக் கத்தி அதில் வராது. ஆனாலும் விற்கத் தொடங்கினால் யாருக்கு விற்றீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பொத்தான் அழுத்தினால் பாயும் கத்தி யார் கேட்டாலும் செய்யாதீர்கள்.

சம்பா அறுவடை முடிந்து, பங்குனி பிறந்தால் உங்கள் பட்டறையிலும் மெஷின் வரத்து குறையும், கொல்லருக்கும் கை ஓயும். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் மண்வெட்டி தட்டுவதற்கே அவருக்கு நேரம் போதாது. அதற்குள் போய்விடுங்கள். சவரக்கத்தி மாதிரிக் கத்திக்கு உலை வேண்டியது தோய்ச்சலுக்கு மட்டும்தான், அதை இந்த வாரமே ராவத் தொடங்கலாம்.

அன்புடன்.