சுடுநீர் வருகிறது, தரை மட்டும் சில்லென்று இருக்கிறது

கொரியாவில் ஆசிரியராக வேலைக்குப் போய்க் குடியேறிய வீட்டில் தரை சூடாகவில்லையா? குழாயில் சுடுநீர் வருகிறது என்றால் பாய்லர் ஓடுகிறது. சுவரில் உள்ள பாய்லர் கட்டுப்பாட்டுப் பலகை பெரும்பாலும் ‘ஒன்சு ஜொன்யொங்’ நிலையில், அதாவது சுடுநீர் மட்டும் என்று இருக்கும். முன்பு குடியிருந்த ஆசிரியர் கோடையில் அப்படியே விட்டுப் போயிருப்பார்.

கைபேசி மொழிபெயர்ப்புச் செயலியைப் பலகைமேல் காட்டி, ‘நன்பாங்’, அதாவது அறையைச் சூடாக்கும் பொத்தானைத் தேடி அழுத்துங்கள். அறையில் இப்போதுள்ளதைவிட 2, 3 டிகிரி கூட்டி வையுங்கள். ஒன்தோல் என்ற கொரியத் தரைச் சூடாக்கும் முறையில், தரைக்கு அடியில் வெந்நீர் ஓடித்தான் சூடாகிறது. மெல்லத்தான் ஏறும், அவசரப்பட்டு 30க்கு ஏற்றினால் எரிவாயு பில்தான் ஏறும்.

ஓர் அறை மட்டும் குளிர்ந்தால், சிங்க்குக்குக் கீழே வரிசையாக உள்ள, அறைகளுக்கு வெந்நீர் விடும் வால்வுகளைப் பாருங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் அது மூடியிருக்கிறது.

பள்ளிக்குப் போகும்போது கடுங்குளிரில் பாய்லரை அடியோடு அணைக்காதீர்கள், குழாய் உறைந்து வெடிக்கலாம். பலகையில் பிழை எண் மின்னினால் நீங்கள் கழற்ற வேண்டாம். படமெடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள்.