பழைய பிக்கப்பில் கமான் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) எடுத்துவிட்டு டிரெய்லிங் ஆர்ம் செய்து போடலாமா?

போடலாம். கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பட்டறையில் ஒரு பழைய ஜீப் பிக்கப்புக்குச் செய்திருக்கிறேன். முதல் ஜோடி தேறவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கமான் பட்டை சுமையையும் தாங்குகிறது, பின் ஆக்சிலையும் இடம் மாறாமல் பிடிக்கிறது. அதை எடுத்துவிட்டுப் போடும் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) சுமையை மட்டும்தான் தாங்கும். அதனால் ஆக்சில் முன்பின் நகராமல் பிடிக்க டிரெய்லிங் ஆர்ம், பக்கவாட்டில் ஓடாமல் பிடிக்கக் குறுக்கே போகும் பானார்டு ராடு, இரண்டும் வேண்டும். 1960 முதல் 1972 வரை வந்த செவ்ரலே சி10 பிக்கப்புகள் பெரும்பாலும் இப்படித்தான். நீளமான இரண்டு ஆர்ம், பின்னால் யூ போல்ட்டில் ஆக்சிலோடு இறுகியிருக்கும்; முன்னால் சேசிஸின் நடுவை நோக்கி நெருங்கிவந்து ரப்பர் புஷ்ஷில் நிற்கும்.

அந்த ஆர்மின் வெட்டுமுகம் ஐ வடிவம். சுமைக்கு வளையாது, ஆனால் முறுக்கினால் முறுகிக்கொடுக்கும். நானோ பலமாக இருக்கட்டும் என்று சதுரக் குழாயில் செய்தேன். ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கினால் ஆக்சில் சாய வேண்டும். ஆர்ம் முறுகினால்தான் அது சாயும். குழாய் லேசில் முறுகாது. கோபாலபுரம் வழியாகப் பொள்ளாச்சிக்குச் சில மாதம் ஓடிய பிறகு, ஹவுசிங்கில் (ஆக்சிலின் வெளிக்கூட்டில்) ஆர்மைப் பிடிக்கும் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரத்தில் துரு நிறத்தில் மயிரிழைக் கோடு. மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தேய்த்தேன். விரலளவு நீளத்துக்கு ஈரக்கோடு ஊறி வந்தது. வெடிப்புதான்.

அடுத்த ஜோடியை, ஐ வடிவம் வருமாறு, ஒவ்வொரு ஆர்முக்கும் இரண்டு சி சேனலை (சி வடிவ இரும்பை) முதுகோடு முதுகு சேர்த்துச் செய்தேன். இன்றுவரை வெடிக்கவில்லை.

அப்புறம், முதலில் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) மட்டும் வையுங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஒரு பக்கச் சக்கரத்தை ஜாக்கியில் முழுக்க ஏற்றி இறக்கி, எங்காவது இடிக்கிறதா பாருங்கள். வண்டி தன் எடையில் நிற்கும்போது கியர்பாக்ஸ் தண்டும் கிரவுன் பினியனும் இணையான கோணத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் புரொப்பல்லர் தண்டின் மூட்டில் உள்ள கிராஸ் சீக்கிரம் போய்விடும். ஹவுசிங்கில் ஒரே மூச்சில் வெல்டிங் இழுக்காதீர்கள், சூட்டில் வளைந்துவிடும்.

இரும்பு வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

தேங்காய் லோடு ஏற்றுகிற வண்டி என்றால், கமான் பட்டையே இருக்கட்டும்.