அமெரிக்க மருந்தகங்களில் உதவியாளர்களுக்குத் தடுப்பூசிப் பயிற்சி அளிப்பது ஏன்?

மருந்தக உதவியாளர் என்பவர், மருந்தாளுநரின் மேற்பார்வையில் மருந்துச் சீட்டைப் பதிந்து, மாத்திரைகளை எண்ணி எடுத்து வைப்பவர். அமெரிக்காவில் இவர்கள் தடுப்பூசி போடுவதை 2017-இல் முதன்முதலில் அனுமதித்த மாநிலம் ஐடஹோ. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், கூட்டரசு இந்த அனுமதியை நாடெங்கும் விரிவாக்கியபோது, ஊசி போடும் செய்முறைப் பயிற்சியையும், ஒவ்வாமை போன்ற அவசர நிலையைக் கண்டறிந்து கையாளும் பயிற்சியையும், இதய இயக்க மீட்பு முதலுதவிச் சான்றிதழையும் கட்டாயமாக்கியது.

காரணம் எளியது. மருந்தாளுநர் ஒருவரே சீட்டைச் சரிபார்த்து, ஐயங்களுக்கு விடை சொல்லி, ஊசியும் போட வேண்டுமென்றால் வரிசை நீளும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர் திரும்பிப் போய்விடுவார், போனவர் மீண்டும் வருவது அரிது. கல்யாணப் பந்தியில் தலைமைச் சமையல்காரரே இலைதோறும் பரிமாற நின்றால் அடுப்பு என்னாகும்?

என் பார்வையில், ஊசியைவிடப் பெரிய பயன் பேச்சில் இருக்கிறது. இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரும் முதியவர் முதலில் காண்பது உதவியாளரைத்தான். அவருடைய பதிவைப் பார்த்து, "இந்த ஆண்டு ஃப்ளூ ஊசி இன்னும் போடவில்லை போலிருக்கிறதே, இப்போதே போட்டுக்கொள்கிறீர்களா?" என்று கேட்பதற்கும் பயிற்சி வேண்டும்.

பலர் நினைப்பதற்கு மாறாக, யாருக்கு எந்தத் தடுப்பூசி என்பதை உதவியாளர் முடிவு செய்வதில்லை. அது மருந்தாளுநரின் பொறுப்பு, அவரும் உடனடியாக உதவக்கூடிய தொலைவில் இருக்க வேண்டும்.